புதுத் தளம்

ஆகஸ்ட் 4

பாஸ்கட்பால் தளம் திறந்தாயிற்று. ரிப்பன் வெட்டியது கல்லூரிச் செயலர், தேங்காய் உடைத்தது மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் முருகையா, முதல் பந்து போட்டது முதல்வர் அம்மா. பந்து போர்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இந்தத் தளத்துக்காக ரெண்டு வருஷம் நாயாய் அலைந்த உடற்கல்வி இயக்குநர் ஞானதுரைக்கு, அதாவது எனக்கு, ஒரு சால்வை. அதுவும் எவருக்கோ ஏற்கெனவே போர்த்தியது. மடிப்பில் மஞ்சள் ஏறிக் கிடந்தது.

போகட்டும். தளம் நன்றாக வந்திருக்கிறது. பழைய சிமெண்ட் தளத்தில் விழுந்து எழுந்த பையன்களின் முழங்காலைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பழையதை உடைத்து அள்ளிவிட்டுப் போடலாம் என்றார் இன்ஜினியர். அப்படி ஆரம்பித்தால் பொங்கல் வரை இழுப்பார்கள், பாஸ்கட்பால் சீசனே முடிந்துவிடும். "அது மேலயே கனமா போடுங்க" என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். இப்போது மண்ணிலிருந்து காலைத் தூக்கி வைத்துத்தான் தளத்தில் ஏற வேண்டும். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது. பச்சையும் சிவப்புமாகப் பெயின்ட். கம்பங்களுக்கு நானே பக்கத்தில் நின்று வெள்ளை அடிக்க வைத்தேன்.

இந்த வருஷம் நான் மலைபோல நம்பியிருப்பது கொம்பையாவை. ஆறடி ஏழு அங்குலம். போன வருஷம் கயத்தாறு பக்கம் ஒரு கல்யாண வீட்டில், ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். நான் பந்திக்குக்கூடப் போகவில்லை, நேரே அவன் அம்மாவிடம் போய்விட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம்., விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம் என்றேன். அந்த அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். "அவன் மாமன் திருப்பூருக்கு அனுப்பச் சொல்லுதான் சார். ரெண்டு வருசம் பாக்கேன். யுனிவர்சிட்டி டீம்ல எடுத்துட்டாவன்னா வேலைக்கு ஒரு வழி பொறக்கும்னு சொல்லுதீய. எடுக்கலைன்னா அவன் திருப்பூருக்குத்தான் போவான்" என்றார்.

இது ரெண்டாவது வருஷம். செப்டம்பர் கடைசியில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு.

ஆகஸ்ட் 10

இந்தக் கல்லூரிக்கு வந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு பயிற்சியை நான் பார்த்ததில்லை. போட்டதெல்லாம் விழுகிறது. கேப்டன் மைதீன் என் தோளுக்குத்தான் இருப்பான், அவன்கூட எம்பி வலையைப் பிடித்து ஆட்டுகிறான். ஜூன் மாதத்திலிருந்து நான் போட வைத்த ஸ்கிப்பிங் வீண் போகவில்லை. அப்போது என்னைத் திட்டாத வாய் இல்லை. இப்போது எவனாவது வாயைத் திறக்கட்டும்.

கொம்பையாவுக்குக் கை பட்டுக் கை. உயரமானவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பந்தை எறிவார்கள். இவன் ரிங்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும். ஃப்ரீ த்ரோ கோட்டு மூலையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தான், வலை சுருண்டுகொண்டே இருந்தது.

முடித்துவிட்டு வந்து, "சார், ரிங் கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்றான்.

"நீதாம்ல வளந்திருக்கே. விடுதியில அத்தனை சோறு திங்கியே, அது எங்க போவும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 19

நாகர்கோவில். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அதுவும் யாரிடம், போன வருஷம்தான் அணி ஆரம்பித்த ஒரு கல்லூரியிடம்.

எழுதவே கை கூசுகிறது. போட்டதெல்லாம் ரிங்கின் முன்பக்கம் பட்டு முகத்துக்கே திரும்பி வருகிறது. மைதீன், கொம்பையா, அத்தனை பேரும் அப்படியே. பயம். வேறு என்ன. உள்ளூரில் சண்டியர், வெளியூரில் சவலைப் பிள்ளை. இடைவேளையில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கத்தக் கத்த இன்னும் குறைவாகவே விழுந்தது.

ஆகஸ்ட் 20

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வள்ளியூர் தாண்டியதும் கொம்பையா காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

"சார், அங்க ரிங் ஒசரமா இருந்துச்சு."

"எது?"

"நம்ம ரிங்க விட. நம்ம கிரவுண்டுல லேசா எம்புனா உள்ளங்கை படும் சார். அங்கன வெரல்தான் பட்டுச்சு."

நான் வண்டி வண்டியாகக் கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உலகம் முழுக்க ரிங் பத்தடி. நாகர்கோவிலில் மட்டும் உனக்காகத் தூக்கி வைத்தார்களா? அவர்கள் பையன்கள் அதே ரிங்கில்தானே போட்டார்கள்? உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? இப்படியே வள்ளியூரிலிருந்து நாங்குநேரி வரை. பின்னால் எவனோ சிரித்தான். இறங்கும்போது என் பையையும் கொம்பையாவே எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆகஸ்ட் 24

பம்ப் ஊசி மறுபடி காணாமல் போயிருக்கிறது. கேட்டால் ஹாக்கி அணியைக் கை காட்டுகிறான் முருகையா. ஹாக்கிப் பந்துக்கு எதற்கையா காற்று?

தோற்றதற்குத் தண்டனையாகக் காலையில் ரவுண்டு ஓடவிட்டேன். அப்புறம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அத்தனையும் விழுகிறது, கண்ணை மூடிக்கொண்டு போட்டால்கூட விழும்போல. தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்துகொண்டு வெளியூரில் போய்க் கோட்டை விடுகிறவனை என்ன செய்வது?

செப்டம்பர் 2

தென்காசியிலும் அதே கதை. முன்பக்க ரிங், முன்பக்க ரிங், முன்பக்க ரிங். கொம்பையா ஒரு பந்தைக் கூடுதல் வேகமாகப் போட்டான், அது போர்டில் பட்டு உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்ததை அதே மாதிரி போடப்போய் போர்டையே தாண்டி வெளியே போனது. பார்வையாளர்கள் ஊளையிட்டார்கள்.

அங்கேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "இனிமே நீ போடாத. ஒனக்கு வெளிய என்ன சோலி? ரிங்குக்குக் கீழ நில்லு. கைய ஒசத்து. பாலைப் பிடி, மைதீன்கிட்ட குடு. அவ்வளவுதான்."

"சரி சார்" என்றான். சரி சார், சரி சார். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

செப்டம்பர் 6

ரெண்டு நாளாக யோசித்து நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். முழங்கை. போடும்போது வெளியே போகிறது, பந்து மேலே எழும்பாமல் கிடைமட்டமாகப் போகிறது. அதனால்தான் முன்னால் அடிக்கிறது. போன வருஷமும் அவன் முழங்கை இப்படித்தான் இருந்தது என்பது உண்மைதான், அப்போது நான் கவனிக்கவில்லை.

துண்டை எடுத்து அவன் புஜத்தை விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போடச் சொன்னேன். போட்டான். விழவில்லை. பழகினால் வரும் என்றேன். ஒரு மணி நேரம் போட்டான். கை மரத்துப்போனது போல, சாப்பிடும்போது தட்டில் சோறு உருண்டது என்று விடுதி வார்டன் சாயங்காலம் போனில் சொன்னார். "சாருக்கு இந்த வயசுல இம்புட்டு ஆங்காரம் ஆகாது" என்றும் சொன்னார். வார்டனுக்கு பாஸ்கட்பாலைப் பற்றி என்ன தெரியும்.

செப்டம்பர் 9

கொம்பையாவின் மாமா வந்திருந்தார். பனியன் கம்பெனியில் மேஸ்திரி. மரியாதையான ஆள்தான். பயிற்சியை ஓரமாக நின்று பார்த்தார். கொம்பையா ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பந்து வந்தது, பிடித்தான், கொடுத்தான்.

"இதுக்குத்தானா சார் ரெண்டு வருசம்?" என்றார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. "எங்க கம்பெனியில மேல் தட்டுல பண்டல் அடுக்குறதுக்கும் ஆள் தேவைதான். அங்கன சம்பளமாவது குடுப்பாவ."

தேர்வு முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். "முப்பதாந் தேதிதானே சார்? ஒண்ணாந் தேதி நான் மறுபடி வாரேன். எடுத்தா இருக்கட்டும். எடுக்கலைன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16

சங்கரவேல் தன் அணியோடு நட்பு ஆட்டத்துக்கு வந்திருந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியின் பி.டி., பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவின் தலைவரும் அவர்தான். அவர் கண் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும் என்று பையன்களுக்கு முதல் நாளே மந்திரம் ஓதியிருந்தேன்.

ஜெயித்தோம். சும்மா இல்லை, ஓட ஓட அடித்தோம். சங்கரவேலின் பையன்கள் போட்டதெல்லாம் ரிங்கின் பின்பக்கம் பட்டுத் தெறித்தது. பாதிப் பந்து நேரே போர்டில் போய் அடித்தது. தென்காசியில் நம்மைப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்த அதே அணி. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. புதுத் தளம் பாதி, என் ஸ்கிப்பிங் பாதி என்று அவரிடமே சொன்னேன்.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரிங்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி பாக்கீய?"

"ஒண்ணுமில்ல வே. தளம் நல்லா ஒசத்திப் போட்டிருக்கீரு" என்றார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கொம்பையா ஒரு பந்துகூடப் போடவில்லை. நான் போடாதே என்று சொல்லியிருக்கிறேன், சரிதான். இருந்தாலும் சொந்தத் தளத்தில், ஜெயிக்கிற ஆட்டத்தில், ஒன்றாவது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்ததும் மனைவி ஜெயசீலியை வீட்டில் இறக்கிவிட்டு, கல்லூரிக்குப் போனேன். முருகையாவின் அறையிலிருந்து ஏணியும் அளவு டேப்பும் எடுத்தேன். ரெண்டு பக்க ரிங்கும் பார்த்தேன். ரெண்டாவது தடவையும் பார்த்தேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18

தலைவலி. விடுப்பு.

செப்டம்பர் 19

தளத்துக்கு ரெண்டாவது கோட் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், அதுவரை அரசு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் பயிற்சி என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். பள்ளி பி.டி. எனக்கு வேண்டியவர். தரை மோசம்தான், ஒரு மூலையில் பள்ளம். ஆனால் ரிங் ஒழுங்கான ரிங்.

ஒருத்தன் பந்தும் விழவில்லை. "வேற ரிங்கு, அதான் சார்" என்றான் மைதீன். கொம்பையா ரிங்கை ஒரு தடவை எம்பித் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 22

ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கை வந்துவிட்டது. வாலிப வயசு, நாலு நாளில் உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. மைதீன் பழையபடி போடுகிறான்.

கொம்பையாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே நீயும் போடுல" என்றேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எப்படிப் போட சார்? முன்னாடி போட்ட மாதிரியா, நீங்க சொன்ன மாதிரியா?"

முன்பு போட்ட மாதிரி என்றேன். போட்டான். முன்பு போட்ட மாதிரி இல்லை. பாதிக் கை அவனுடையது, பாதிக் கை நான் துண்டு கட்டிய கை. பந்து ரிங்குக்கே போகவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது வெளியே. எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, இவன் ஏன் இப்படி நிற்கிறான் என்று உச்சந்தலையில் ஏறிவிட்டது. "விட்டுத் தொலை. போடாத. குடுத்திரு" என்று கத்திவிட்டேன்.

"சரி சார்."

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 25

துவைக்கப் போட்ட பேண்ட் பையில் டேப் இருந்திருக்கிறது. ஜெயசீலி அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"எதை அளக்கீய, ஒரு வாரமா இதத் தூக்கிக்கிட்டு அலையுதீய?"

அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன். ஏணி, தளம், கம்பம், எல்லாம். தளத்தை உயர்த்தியவன் கம்பத்தை உயர்த்தவில்லை, அவ்வளவுதான். எந்தக் கொத்தனாருக்கும் தோன்றாததற்கு நான் மட்டும் என்ன செய்வேன் என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அந்த நெட்டைப் பையன் சொன்னான்னு சொன்னீயளே, பஸ்ல."

"ஆமா."

"அவன்கிட்ட சொல்லிட்டீயளா?"

தேர்வு முடியட்டும், இப்போது சொன்னால் பையன்கள் மனசு கலைந்துவிடும் என்றேன். அவள் டேப்பை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். "யாரு மனசோ" என்று போகிற போக்கில் சொன்னது எனக்குக் கேட்டது. மீன் குழம்பில் உப்பு இல்லை, நான் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 30

பாளையங்கோட்டையில், ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் தேர்வு. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பையன்களை ரெண்டு பிரிவாகப் பிரித்து ஆட விட்டார்கள். தேர்வுக் குழு ஐந்து பேர், நடுவில் சங்கரவேல். மற்ற கல்லூரி பி.டி.க்கள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். கொம்பையா நன்றாகத்தான் ஆடினான். அவன் நின்ற பக்கம், ரிங்கில் பட்டுத் திரும்பும் ரீபவுண்ட் பந்து வேறு எவனுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பந்து அவன் கைக்கு வரும், ஃப்ரீ த்ரோ மூலையில் தனியாக நிற்பான், தடுக்க ஒருத்தன் இருக்க மாட்டான். அவனுக்கென்றே பாய் விரித்துப் போட்ட மாதிரி இடம். உடனே இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிடுவான். மறுபடி வரும். மறுபடி கொடுத்துவிடுவான். "போடுல" என்று எழுந்து நின்று கத்தினேன். என்னைப் பார்த்தான். கொடுத்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் சங்கரவேல் என்னைக் கூப்பிட்டார்.

"ரீபவுண்டுக்கு ரெண்டு பேரு ஏற்கெனவே இருக்கான் ஞானதுரை. எங்களுக்கு சூட் பண்ணுத சென்டர்தான் வேணும். ஒம்ம பையன் ஒரு பாலும் போடலையே. பயப்படுதானா?"

நான் நேரே கொம்பையாவிடம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ல போடல?"

"நீங்க போடாதன்னீங்கல்லா சார்."

குத்திக் காட்டவில்லை. நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான், அவ்வளவுதான். மைதீன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் குடிப்பதை நிறுத்திவிட்டான். நாளைக்குக் காலையில் அந்த மாமா கேட்டில் வந்து நிற்பார். பையன் எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவான். அதற்கும் "சரி சார்" என்றுதான் சொல்வான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பிப் போய் தேர்வுக் குழு மேஜை முன்னால் நின்றேன்.

"பையன் மேல தப்பு இல்ல. என் ரிங் தாழ்ந்து கிடக்கு" என்றேன். "தளத்த ஒசத்துனேன், கம்பத்த ஒசத்தல. பயலுவ ஒண்ணரை மாசமா தப்பான ரிங்குல போட்டுப் பழகியிருக்கானுவ. அவன் என்கிட்ட சொன்னான். நான் கேக்கல. கேக்காததோட விடாம, அவன் நல்லா போட்டுக்கிட்டிருந்த கையையும் கெடுத்துப் போட்டேன். அவனுக்குப் போட ஒரு வாய்ப்புக் குடுங்க."

படிக்கட்டில் முதலில் ஒருத்தர் சிரித்தார், அப்புறம் அரங்கமே சிரித்தது. முப்பது வருஷமாக நான் கத்தித் தீர்த்த நடுவர்களும் அதில் இருந்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். எனக்குக் காது சூடாகிவிட்டது, நான் நகரவில்லை.

சங்கரவேல் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு வே. ஒம்ம கிட்ட சொன்னா கடிச்சிருவீரேன்னு சும்மா வந்துட்டேன்" என்றார். "ஒம்ம வாய்க்குப் பயந்து எவனும் ஒம்ம கிட்ட ஒண்ணும் சொல்லுததில்ல. சரி, கூப்பிடும் பையன."

கொம்பையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு கோட்டு மூலையில் வந்து நின்றான். முதல் பந்து முன்பக்க ரிங். ரெண்டாவதும் அப்படியே. "முழங்கைய" என்று ஆரம்பித்துவிட்டேன், அப்படியே வாயை மூடிக்கொண்டேன். அவன் மூன்றாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றான். தரையில் ரெண்டு தட்டுத் தட்டினான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நிக்கீங்களா?"

ரெண்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. யாரும் சிரிக்கவில்லை. நான் வெளியே போனேன்.

வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றேன். அரங்கத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ரிங்கில் பட்டால் இரும்புச் சத்தம் வரும். வலைக்குள் நேராக விழுந்தால் பந்து தரையில் விழுகிற சத்தம் மட்டும்தான். முதலில் இரும்பு. அப்புறமும் இரும்பு. அப்புறம் தரை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, போட யோசிக்கிறான் போல என்று நினைத்தேன். தரை. தரை. மறுபடி ஒரு இரும்பு, அதற்குப் பிறகு தரை, தரை, தரை. நான் எண்ணவில்லை. ஒரு பெண்கள் அணி தண்ணீர் பிடிக்க வந்தது. அதில் ஒரு பிள்ளை, "சார், தள்ளி நில்லுங்க, குழாய மறைக்கீங்க" என்றாள். தள்ளி நின்றேன். குழாய்ச் சத்தத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சங்கரவேல் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அவன் ஷூ என்ன சைஸ் வே? டீமுக்கு ஆர்டர் போடணும். அந்தக் காலுக்கு இங்க கெடைக்காது."

பதினாலு என்றேன். குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

அக்டோபர் 1

கொம்பையாவின் மாமா சொன்னபடியே வந்தார். செய்தி ஏற்கெனவே அவன் அம்மா மூலம் போயிருக்கிறது, ஒரு டப்பா அல்வாவோடு வந்திருந்தார். "நாந்தான் சார் தப்பா பேசிட்டேன்" என்றார். இல்லை, நீங்கள் சரியாகத்தான் பேசினீர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

அக்டோபர் 3

முதல்வர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நீங்கதானே சார் மேலயே போடச் சொன்னீங்க" என்றார். ஆமாம் என்றேன். கம்பத்தை வெட்டி எடுத்து உயர்த்த அனுமதி கிடைத்தது. வெட்டினால் அதைச் சுற்றி ஒரு முழம் தளமும் போகுமாம். போகட்டும். சால்வையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அரங்கத்தில் நடந்தது மைதீன் வாயால் ஏற்கெனவே விடுதி முழுக்கப் பரவிவிட்டது, அதனால் ஒருத்தனும் ஆச்சரியப்படவில்லை. சும்மா என் வாயால் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். முடித்ததும் மைதீன் கையைத் தூக்கினான்.

"சார், அப்ப ஸ்கிப்பிங்?"

"அது தினமும் உண்டு" என்றேன். இன்றைக்குத்தான் எல்லோரும் என் முன்னால் மனசு விட்டுச் சிரித்தார்கள். நான் கோபப்பட நினைத்தேன், வரவில்லை.

அக்டோபர் 9

பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாமுக்குக் கொம்பையாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். போக வேண்டிய அவசியமில்லை, அவனுக்கு வழி தெரியும். அவன் அம்மா வந்திருந்தார். "நீங்க சொன்னபடியே கேட்டு நடந்தான் சார், அதான் நல்லா வந்துட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது அவனுக்கு, முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அங்கே கோச் என்ன சொன்னாலும் மறுபேச்சுப் பேசாமல் கேள் என்று, முகாமுக்குப் போகிற எல்லாப் பையனுக்கும் சொல்வதைச் சொல்ல ஜன்னலுக்குக் கிட்டே போனேன்.

"என்ன சார்?" என்று குனிந்தான்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியால?" என்றேன்.

எடுத்திருந்தான். பஸ் கிளம்பியது.